செலீனாவின் வலைக் கணக்கு

பேசாலைச் செலீனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் வலைக் கணக்கில் அவளை வெல்ல அந்த ஊரில் ஆள் பிறக்கவில்லை. இரு கை விரித்த நீளம் ஒரு பாகம். எத்தனை பாகம் கிழிசல், எத்தனை பெண்கள், நாளுக்கு எத்தனை மணித்தியாலம் என்று சொன்னால் போதும். அடுப்பை ஊதிக்கொண்டே நாட்கணக்கைச் சொல்லிவிடுவாள். வாயும் சும்மா இராது. "பள்ளிக்கூடம் போன நீங்கள் விரலை மடிச்சுக்கொண்டிருங்கோ" என்று கணவன் அந்தோனிமுத்துவைச் சீண்டுவாள்.

தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கி ஏழாம் வருசம். ஒரு புதன்கிழமை விடிய வலையை விரித்துப் பார்த்தால், பாழாய்ப்போன எலிகள் அறுபது பாகத்தைக் குதறி வைத்திருந்தன! திங்கட்கிழமை கரையில் வலை இழுக்க அவர்களுடைய முறை. தவறினால் அடுத்த முறைக்கு இருபத்தைந்து நாள். அதுவரை ஐந்து பிள்ளைகளுக்கும் வெறுங்கஞ்சிதான்.

"ஒரு பாகத்துக்கு ஒருத்திக்கு ரெண்டு மணித்தியாலம். ஆறு பேர் நாளைக்கு அஞ்சு மணித்தியாலம் இருந்தால் நாலு நாள். சனி பின்னேரம் முடியும்" என்றாள் செலீனா. ஞாயிற்றுக்கிழமை ஊசி தொடுவது பாவம். அதை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இரண்டு நாளில் முப்பது பாகம் முடிந்தது. வெள்ளி விடிய, அறுவரில் ஒருத்தியான றஞ்சிதத்தின் புருசன் யாகப்பர் காய்ச்சலில் கண்மூடினான். ஊரே அடக்கத்துக்குப் போனது. யார் ஊசியைத் தொடுவது?

வீடு திரும்பிய செலீனாவுக்கு மனம் கேட்கவில்லை. மிச்சம் முப்பது பாகம், ஒரே நாள், றஞ்சிதம் போக ஐந்து பேர். ஆளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம்! பால்குடிப் பிள்ளைகளை யார் பார்ப்பது? 'சீ, கண்ணீர் காயமுன்னம் எனக்குக் கணக்கு ஒரு கேடா' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சனி விடிய ஐவரும் வலையில் குந்தியபோது றஞ்சிதத்தின் தங்கை பெற்றிசியா வந்தாள். "வலையை எங்கட வீட்டை கொண்டுவரட்டாம், அக்கா சொன்னவ."

"விசரோ உங்களுக்கு? செத்த வீட்டிலயோ!" செலீனா பதறி ஓடினாள்.

"முப்பத்தொரு நாளும் நான் படலை தாண்டேலாது, மச்சாள்" என்றாள் றஞ்சிதம். "துக்கத்துக்கு வந்த ஒன்பது பேர் இஞ்ச சும்மா இருக்கினம். நானும் சும்மா இருந்தால் நெஞ்சு வெடிச்சிரும். அவர் இழுத்த வலைதானே, கொண்டுவாங்கோ."

செலீனா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு வலை வந்தது. பதினைந்து பேர் செபமாலை சொல்லிச் சொல்லிக் கட்டினார்கள். நாலு மணித்தியாலம்தான்.

திங்கட்கிழமை கரையில் நல்ல மீன். வலை இழுத்தவர்களுக்கு அந்தோனிமுத்து பங்கு பிரித்தான்.

"யாகப்பருக்கும் ஒரு பங்கு வையுங்கோ" என்றாள் செலீனா.

"அவன் இழுக்கேல்லையே..."

"இழுக்கேல்லை எண்டு ஆர் சொன்னது?"