தேத்தண்ணி குடிக்கிற நேரம்

வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசி வந்தது. ஸ்டெல்லா அக்காவின் தம்பி. "அண்ணன், அக்கா மோசம் போயிட்டா. விடிய நெஞ்சு நோகுதெண்டவா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே..." வருகிற ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய வேலையை விளக்கத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் சின்னப் பெட்டிக்குக் கொன்ட்ரோலர் என்று பெயர். அதற்கு நெட்வேர்க் முகவரி கொடுத்து, மென்பொருள் ஏற்றி, ஓடவிடுவது எங்கள் தொழில். பல வருடங்கள் ஒன்றாகச் செய்தோம்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் குளிரறை. எல்லாம் ஓடத் தொடங்கியதும் அக்கா மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். மனேஜர் பதறிப்போனார்.

"வேலை செய்யுதுதானே மிஸ், ஏன் நிப்பாட்டினீங்க?"

"இப்ப செய்யும். கரண்ட் போய் வந்தாப் பிறகும் தன்ர முகவரியைச் சொல்லுதா எண்டு பார்க்க வேணும். உள்ளுக்க மிச்சமிருக்கிற கரண்டும் வடிய வேணும், அதுக்குள்ள ஒரு பிளேன்டீ தாங்கோ."

கடைசி மிடறுவரை குடித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார். பெட்டி புதிதாய் வாங்கியபோது இருந்த முகவரியோடு எழும்பியது. "சேவ் பண்ண மறந்திட்டன்," என்றார், கூச்சமே இல்லாமல். "நான் பிழை விடுற ஆள். அதுக்குத்தான் இந்தத் தேத்தண்ணி." வேலைக்குப் போன இடங்களில் வேறெப்போதும் அவர் தேநீர் குடித்து நான் கண்டதில்லை.

அவருடைய கடைசி வேலை எங்கள் தொடர்மாடியில், மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு. என் முகத்துக்காக ஞாயிறு பூசை முடித்து வந்தார். மெயினை இறக்கப் போனபோது மூன்றாம் மாடி நடராசா அண்ணை ஓடிவந்தார். "இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. விருந்தாக்கள் வந்து நிக்கினம். லிஃப்ட் நிண்டா என்ர மானம் போயிடும்."

அக்கா சிரித்தபடி லப்டொப்பை மூடினார். தோளைத் தடவிக்கொண்டே படியிறங்கினார். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். "மெயினை இறக்காமல் எனக்கென்ன தேத்தண்ணி? வாற ஞாயிறு வந்து குடிக்கிறன்."

அடக்கம் முடிந்த சில நாளில் எங்கள் பக்கம் கரண்ட் போய் வந்தது. மோட்டார் ஓடவில்லை. கொன்ட்ரோலர் எல்லாவற்றையும் மறந்துபோய் நின்றது. குழாய்களில் காற்றுத்தான் வந்தது.

"செத்த மனுசியைக் குறை சொல்லக்கூடாது. எண்டாலும் அரைகுறையா விட்டிட்டுப் போயிருக்கிறா," என்றார் நடராசா அண்ணை, எல்லோர் முன்னாலும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ மறந்தவாதான் அண்ணை. மறப்பன் எண்டு தெரிஞ்சுதான் நிப்பாட்டிப் பார்க்கக் கேட்டவா. நாங்கள்தான் விடேல்லை."

முகவரியைத் திரும்பக் கொடுத்தேன். மென்பொருளை ஏற்றி, சேவ் செய்து, யாரையும் கேட்காமல் மெயினை இறக்கினேன். லிஃப்ட் நின்றது.

"எவ்வளவு நேரம் தம்பி?" என்றார் நடராசா அண்ணை.

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்."

அவர் மூன்று மாடியும் படியேறிப் போனார். ஒரு கோப்பையை ஏந்திக்கொண்டு மெல்ல இறங்கி வந்து, என் கையில் தந்தார்.

அக்கா குடித்திருக்க வேண்டியது. இனி நான் வேலைக்குப் போகும் இடமெல்லாம் அவருடைய இந்தப் பழக்கம் என்னோடு வரும். ஆனால் அன்று சுவிட்சைப் போடக் கை எழவில்லை. கோப்பை காலியான பிறகும் இருட்டுப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்தேன்.