குட்டி லோடருக்குப் புதுப் பின் போட்ட வாரம்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிற ரகம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எங்கள் வீட்டுக் கதையைக் கொண்டுவந்து வைக்கக் கூச்சமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் நான் சொல்லப் போவது மண் அள்ளுகிற ஒரு பழைய வண்டிக்குப் பின்னும் புஷ்ஷும் மாற்றிய கதை. பெண்பிள்ளைக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததே அது மட்டும்தான்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு குட்டி லோடர் இருந்தது. கொச்சித் துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்த வண்டி. அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக வாங்கி, குமுளி மலை வழியாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். டிராக்டரில் பாதி உயரம்தான் இருக்கும். நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுற்றும். ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு கம்பிகள். இடது கம்பியைத் தள்ளினால் இடப்பக்கச் சக்கரங்கள் போகும், வலது கம்பிக்கு வலப்பக்கம். முன்னால் மண் அள்ளும் பக்கெட். அதைத் தூக்கி இறக்க இரண்டு நீண்ட இரும்புக் கைகள்.

ஊருக்கு வெளியே இருந்த செங்கல் சூளையில் அப்பா அதை ஓட்டினார். வீட்டில் வாய் திறக்காத மனிதர். தெருவில் எதிரே யாராவது வந்தால் ஓரமாக ஒதுங்கி நடப்பார். லோடரில் ஏறிவிட்டால் மட்டும் முதுகு நிமிர்ந்துவிடும். சுடுவதற்கு முன் காயப்போட்ட பச்சைக்கல் வரிசைகளுக்கு நடுவே, ஆள் நடக்கவே யோசிக்கிற சந்தில், நிறைந்த பக்கெட்டோடு நுழைந்து வெளியே வருவார். சூளைக்காரர் வேறு ஊர் ஆட்களிடம் அதைப் பெருமையாகச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த வருடம் பக்கெட் ஆடத் தொடங்கியது. முதலில் லாரியின் பக்கப் பலகையில் இடித்தது. பிறகு பச்சைக்கல் வரிசைகளைச் சாய்த்தது. வெயிலில் குனிந்து அச்சில் மண் திணித்துக் கல் அறுத்த குடும்பங்கள் வாயில் வந்ததைச் சொன்னார்கள். சூளைக்காரர் வீட்டுக்கே வந்து நின்றார்.

"ஒன்னயக் கொற சொல்லலப்பா. வண்டியச் சரி பண்ணு. இன்னொரு வரிச சாஞ்சா, கம்பத்துல இருந்து வேற வண்டியக் கொண்டாந்து விட்ருவேன். பெறகு வருத்தப்படக் கூடாது."

அப்பா தலையை ஆட்டினார். அம்மா இருவருக்கும் காப்பி கொண்டுவந்தாள். சூளைக்காரருக்கு நிறைய, அப்பாவுக்குப் பாதி டம்ளர். கொஞ்ச நாளாகவே அப்பாவுக்கு அவள் அப்படித்தான் ஊற்றினாள். கஞ்சத்தனம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா டிராக்டர் மெக்கானிக். கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தார். வண்டியைச் சுற்றி வந்து, இரும்புக் கையைப் பிடித்து உலுக்கினார். லொடக் லொடக் என்றது.

"பின்னும் புஷ்ஷும் போச்சுண்ணே. கெழவி பல்லு மாதிரி ஆடுது. இத வச்சுக்கிட்டு தெய்வமே ஓட்டுனாலும் கல்லு சாயத்தேன் செய்யும்."

இதைக் கேட்டதும் அப்பாவின் முகம் தெளிந்தது. அப்படி ஒரு தெளிவை அந்த முகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இரும்புக் கைகள் வண்டியோடு சேரும் மூட்டில் குறுக்கே கெட்டியான ஒரு தண்டு ஓடும். அதுதான் பின். அதைச் சுற்றியிருக்கும் உலோக வளையம் புஷ். சித்தப்பா கைகளைத் தூக்கி, சரிந்து விழாதபடி தென்னந்துண்டுகளை முட்டுக் கொடுத்தார். பின்னின் முனையில் ஒருவர் இரும்புத் துண்டைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அதன்மேல் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அப்பா பிடித்தார். சித்தப்பா சம்மட்டியை ஓங்கினார். அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓங்கியபடியே நின்றுவிட்டு இறக்கினார்.

"நீங்க தள்ளி நில்லுங்கண்ணே, துரு கண்ணுல தெறிக்கும். மதினி, இங்கன வந்து பிடிங்க."

அம்மாவுக்கு மட்டும் கண் இல்லையா என்று எனக்குத் தோன்றியது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பிடித்தாள். வெளியே வந்த பின் ஒரு பக்கமாகத் தேய்ந்து நாக்கு மாதிரி ஆகியிருந்தது. வளையங்கள் முட்டை வடிவத்தில் இருந்தன.

சனிக்கிழமை சித்தப்பா எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு தேனி பஸ் ஏறினார். என்னையும் கூட்டிப் போனார். கண்டக்டர் சாக்குக்கும் டிக்கெட் கேட்டார். "அதுக்கு வயசாயிருச்சுண்ணே, அரை டிக்கெட்டும் கெடையாது" என்றார் சித்தப்பா. வீரபாண்டி தாண்டும் வரை இரண்டு பேரும் பேசித் தீர்த்தார்கள்.

இரும்பு கடையும் லேத் பட்டறைக்காரர் பழைய புஷ்ஷின் கிரீஸ் துளைக்குள் ஆணியை விட்டுக் குடைந்தார். மஞ்சளாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"யாருய்யா இது, மிசினுக்குச் சந்தனக் காப்பு சாத்துனது?"

எங்கள் அம்மாதான். வெள்ளிக்கிழமை தவறாமல் லோடரைக் கழுவி, கிரீஸ் அடிக்கும் குமிழ் ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல அந்தக் குமிழ்கள் உருண்டையாக இருக்கும். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்று அப்பா அதன்மேலேயே கிரீஸ் துப்பாக்கியை வைத்து அடிப்பார். கிரீஸுக்கு முன்னால் சந்தனம் உள்ளே போய் இறுகிவிட்டது.

புதுப் பின்னும் புஷ்ஷும் கடைந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சித்தப்பா சொன்னதும் அம்மா சிரித்தாள். உடனே அழுதாள். "அப்ப எல்லாம் என்னாலதேன்" என்றாள். அழுகைதான், ஆனால் அதில் ஏதோ ஒரு நிம்மதியும் இருந்தது. அது எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்திலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டி வந்தது. புது வளையங்களை அதற்குள் புதைத்து வைத்தால் சற்றே சுருங்கும், சுருங்கியதும் துளையில் எளிதாக இறங்கும் என்று பட்டறைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். வளையங்களை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. ஒவ்வொன்றும் ஒரே தட்டில் போய் உட்கார்ந்தது. பின்னைக் கோத்த பிறகு சித்தப்பா பக்கெட்டில் தொங்கிப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார். பக்கெட் மூச்சுக் காட்டவில்லை.

"இனி ஒரு நூல் அசையாதுண்ணே."

சாயங்காலம் சூளையில் வெள்ளோட்டம். அம்மாவும் வந்தாள். சூளைக்காரர் சுட்ட கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். கல் அறுக்கிறவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அப்பா மண்ணை நிறைத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே வந்தார்.

லொடக் சத்தம் அடியோடு போய்விட்டது. எஞ்சின் மட்டும்தான் கேட்டது. சத்தம் இல்லாததால் எல்லாருடைய கண்ணும் பக்கெட்டின் மேலேயே இருந்தது. அது ஆடியது. வண்டியோடு சேர்ந்து இடது பக்கம் வெட்டென்று திரும்பும், நேராகும், மறுபடியும் வெட்டும். அப்பா கம்பியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது அதிகமானது. பாதி தூரத்தில் பக்கெட்டின் விளிம்பு வரிசையில் உரசியது. பச்சைக்கல் விழுந்தால் சத்தம் வராது. வரிசை நீளத்துக்கும் மெத்து மெத்தென்று சாய்ந்துகொண்டே போனது.

அம்மாதான் முதலில் பேசினாள். வேற்று ஆண்கள் முன்னால் அவள் குரலெடுத்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நாந்தேன் மொதலாளி. சந்தனம் இன்னும் உள்ள அடச்சுக் கெடக்கும். அவுகமேல ஒண்ணும் தப்பில்ல."

"ஆமா மொதலாளி" என்றார் சித்தப்பா. "ஒரு புஷ் சரியா உக்காரல. என் கைவேலைதேன் மோசம்."

சூளைக்காரர் சித்தப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்பா இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை. "சரி சரி, பாத்துச் செய்யுங்கப்பா" என்று கீழே பார்த்துச் சொன்னார். சாய்ந்தது தங்கள் கல்லாக இருந்தும் கல் அறுத்தவர்களில் ஒருவரும் அன்றைக்கு ஏசவில்லை.

எனக்குத்தான் கோபம் வந்தது. எல்லா புஷ்ஷும் ஒழுங்காக உட்கார்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அப்படியானால் தேனிப் பட்டறைக்காரர்தான் அளவு தப்பாகக் கடைந்து ஏமாற்றிவிட்டார் என்று முடிவு செய்தேன். முகம் மறந்த பிறகும் அந்த மனிதரை வருடக்கணக்கில் வெறுத்தேன். பழைய பின்னின் ஆட்டம் அத்தனை நாள் அப்பாவின் கை நடுக்கத்தை மறைத்து வைத்திருந்தது என்பதும், அங்கே நின்ற பெரியவர்கள் எல்லாருக்கும் அந்த நிமிடத்தில் அது தெரிந்துவிட்டது என்பதும், அப்பாவின் நடுக்கத்துக்கு மருத்துவர் ஒரு பேர் சொன்ன பிறகுதான் எனக்கு எட்டியது.

அப்பா எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுக்காமலே இறங்கினார். இடது கையை வலது அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, விழுந்த கற்களை மிதிக்காமல் சுற்றி நடந்து சித்தப்பாவிடம் வந்தார்.

"ஏலே, நாளைக்கு நீ ஏறிக்க" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. சித்தப்பா லோடர் ஓட்டினார், கல் எதுவும் சாயவில்லை. அப்பா ஒருவருடைய வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். எனக்குக் கணக்குப் பரீட்சை இருந்தது, போய் எழுதினேன்.