கீழாநெல்லி போட்ட வட்டம்

போன வாரம் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் இருமல் மிட்டாய் வாங்கப் போனேன். கண்ணாடி அலமாரியில் ஒரு கீழாநெல்லி மாத்திரை டப்பா. அதன் வயிற்றில் 'ஆய்வகத்தில் வீரியம் பரிசோதிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய், "ஏங்க, எக்ஸ்பயரி ஆயிடுச்சா?" என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படிப் பரிசோதித்துக் கிழித்தவர்களில் நானும் ஒருத்தி என்று அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

நுண்ணுயிரியல் படித்துவிட்டு நான் சேர்ந்த முதல் வேலை அது. குடவாசல் பக்கத்தில் ஒரு சித்த மருந்துக் கம்பெனி. வாசலில் 'தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம்' என்று பலகை தொங்கும். உள்ளே போனால் அது பழைய ரைஸ் மில்லின் தவிட்டு அறை. முதலாளி மில்லை மூடிவிட்டு மருந்துக்கு மாறியவர். எல்லாரும் அவரை எம்.டி. என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார். மின்விசிறியைப் போட்டால் சுவர் இடுக்கில் ஒளிந்திருக்கும் தவிடு கிளம்பி அறை முழுக்கப் பறக்கும். நான் கண்ணாடித் தட்டில் கிருமி வளர்க்க வைத்தால், கிருமிக்கு முன்னால் பூஞ்சை வந்து குடித்தனம் நடத்தும்.

கிருமிக்குச் சாப்பாடு அகர். கடல்பாசியில் செய்தது, கொதிக்கவைத்து ஊற்றினால் ஜெல்லி மாதிரி உறையும். அது கொதிக்கும்போது ஒரு வாசனை வரும். "என்னம்மா, சூப்பு வாசம் அடிக்குது?" என்று எம்.டி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவார். அதில் கலந்திருப்பது இறைச்சிச் சாறு என்று, சுத்த சைவரான அவரிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் ஆய்வகத்தையே கழுவிவிட்டிருப்பார்.

சோதனை சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரிதான். உறைந்த அகர்மேல் கிருமியைப் பூசி, நடுவில் ஒரு குழி தோண்டி, அதில் மூலிகைச் சாற்றை விட வேண்டும். மறுநாள் பார்த்தால், மூலிகைக்கு வீரியம் இருந்தால் குழியைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்திருக்கும். ஸ்கேலை வைத்து அளக்க வேண்டியதுதான். எங்கள் கீழாநெல்லி சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டம் போடும். சில நாள் அதுகூடப் போடாது. எம்.டி. எனக்கு ஆறு மாதம் கெடு கொடுத்திருந்தார். "லேபிள்ல போடுற மாதிரி ஒரு ரிசல்ட் குடும்மா. வேலய பெர்மனன்ட் ஆக்கிடுறேன். இல்லன்னா வருத்தப்படாதே, பி.எட். படி." அதில் ஐந்து மாதம் பொத்தான் எண்ணியே போயிருந்தது.

மூலிகை கொண்டுவருகிறவர்கள் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். வயலில் களையெடுத்துவிட்டு வரப்பில் முளைத்ததைப் பறித்து, காயவைத்து, சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களில் தனபாக்கியம் அக்கா தனி. செடியில் மண் ஒட்டியிருக்காது, வேறு புல் கலந்திருக்காது. அந்தக் குறுவையில் அவர் கொண்டுவந்த கீழாநெல்லியைக் குழியில் விட்டுவிட்டு மறுநாள் வந்து தட்டைத் திறந்தேன். அடேயப்பா! தட்டில் பாதிக்குமேல் பளிங்கு மாதிரித் தெளிந்து கிடந்தது. கிருமி விளிம்பில் ஒதுங்கி உயிர் பிழைத்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேறு இரண்டு தட்டில் போட்டுப் பார்த்தேன். அதே வட்டம்.

எம்.டி. அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்த் தன் அறையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்தார். மூடியில் சந்தனம், குங்குமம். டீலர்கள் வந்தால் தட்டைக் காட்டி, "நம்ம மண்ணு சார், காவேரித் தண்ணி" என்பார். அந்தச் சரக்கைக் காய்ச்சி டிரம்மில் நிரப்பியாயிற்று. பாட்டிலில் அடைப்பதுதான் பாக்கி. தினம் காலையில் அதில் ஒரு அவுன்ஸ் எடுத்து எல்லார் முன்னாலும் குடித்துக் காட்டவும் ஆரம்பித்தார். என் வேலை நிரந்தரமானது மாதிரிதான். நானும் அம்மாவிடம் போனில் அளந்து தள்ளினேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பதினோரு நாள் தாங்கியது. தனபாக்கியம் அக்காவின் அடுத்த சாக்கு வந்தது, தட்டில் போட்டேன், பழையபடி பொத்தான். உடனே அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"போன வாட்டி கொண்டாந்தீங்களே அக்கா, அது எங்க பறிச்சது?"

"இது வாய்க்கா கரை, அது எங்க வய வரப்புலதாங்க மேடம். பயிருக்கு இலைக்கருகல் வந்து காஞ்சிக்கிட்டே வந்துச்சு. உரக்கடையில ஒரு பொடி குடுத்தாங்க, கரைச்சு அடிச்சோம். காத்துல வரப்பெல்லாம் நனைஞ்சுருச்சு. பயிரும் தேறிருச்சு, செடியும் பூச்சி இல்லாம தளதளன்னு வந்துச்சு. அதான் அதையே பறிச்சேன். ஏங்க, நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு அக்கா. அதான் பிரச்சினை."

மறுநாள் அந்தப் பொடியின் கவரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே கொண்டுவந்தார். படித்தேன். ஸ்ட்ரெப்டோமைசின். மனிதருக்குக் காசநோய்க்கு ஊசியில் போடுகிற அதே சாமான். கிருமியைக் கொன்றது கீழாநெல்லி அல்ல, நெல்லுக்கு அடித்த பொடி. சந்தேகத்துக்குக் கவரில் ஒட்டியிருந்த பொடியைக் கரைத்துக் குழியில் விட்டேன். என்னா வட்டம்! எந்த வயல் என்று கேட்டு, பொடி அடிக்காத பக்கத்து வயல் செடியையும் எடுத்து ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எம்.எஸ்சி. படித்த மகாராணிக்கு அது தோன்றவில்லை.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், டிரம்மில் இருப்பதை மஞ்சள்காமாலைக்காரர்கள் குடிப்பார்களே என்ற கவலையைவிட, பி.எட். விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்ற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. நான்காம் நாள் பாட்டில்கள் வந்து இறங்கின. அதற்குமேல் தாங்காமல் எம்.டி. அறைக்குப் போய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கையில் அன்றைய அவுன்ஸ்.

"அடிப்பாவி! ரெண்டு வாரமா குடிக்கிறேனேம்மா!"

அவர் குடித்தது நல்லதாகப் போயிற்று. வேறு யாராவது குடிக்கப்போகிறார்கள் என்றால் சரக்கைக் கொட்ட இரண்டு தரம் யோசித்திருப்பார். அன்றைக்கே டிரம்மைக் குழி தோண்டிக் கொட்டச் சொன்னார். பிள்ளையார் தப்பித்தார், தட்டு வெளியே வந்தது. "சரி, யார் மேல தப்பு? ஆடிட்டுக்கு எழுதி வைக்கணும்" என்று ஒரு தாளை நீட்டினார்.

அந்தத் தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்காமல் குதித்தது நான் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். கையில் பேனா இருந்தது, யோசிக்க நேரமும் இருந்தது. நான் எழுதியது, 'சரக்கு வழங்கியவரின் கவனக்குறைவு.' கீழே கையெழுத்தும் போட்டேன். எம்.டி. படித்துவிட்டு, "பரவால்லம்மா, கண்டுபிடிச்சிட்டே" என்றார். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. தனபாக்கியம் அக்காவின் சரக்கை இனி எடுக்க வேண்டாம் என்று கேட்டில் சொல்லிவிட்டார்கள்.

தெரியாமல் அவர் ஒரு சாக்கோடு வந்து நின்றார். நான்தான் போய்ச் சொன்னேன். "நீங்க கேட்டீங்க, நான் உள்ளத சொன்னேன். வேற என்ன மேடம் செஞ்சேன்?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகும் நாலு வருடம் அங்கே இருந்தேன். புதுக் கட்டடம் வந்தது, ஏ.சி. வந்தது, தவிடு போயிற்று. சரக்கு கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் எங்கே பறித்தது என்று கேட்டு எழுத வேண்டும் என்று ஒரு பதிவேடு போட்டதும் நான்தான். கேட்டேன். "கோயில் நந்தவனத்துல மேடம்." அடுத்தவரும் நந்தவனம். அதற்கடுத்தவரும் நந்தவனம். அவ்வளவு செடி முளைக்கிற நந்தவனம் ஒன்று இருந்திருந்தால் குடவாசல் தாலுகாவே அதற்குள் அடங்கியிருக்கும். யாரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தனபாக்கியம் அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று அத்தனை பேருக்கும் தெரியும். நானும் நந்தவனம், நந்தவனம் என்று நாலு வருடம் எழுதினேன்.