குடை பிடித்த அக்கா

இரண்டு வருடம் இருக்கும். சித்திரை மாதக் கடைசி. தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். நான் அவிநாசியில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணையும் மாப்பிள்ளையையும் எங்காவது வெளியே கூட்டிப் போய் எடுக்கிறோமே, அந்த அவுட்டோர் வேலைதான் இப்போது எங்களுக்குப் பாதிப் பிழைப்பு.

சித்திரை வெயிலில் அவுட்டோரே வேண்டாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் மல்லுக்கு நிற்கிறவன் நான். யார் கேட்கிறார்கள்? ட்ரோன் வேண்டும், காற்றாலைக் காற்றாடி பின்னால் சுற்ற வேண்டும், முந்தானை பறக்க வேண்டும், ஆனால் வியர்வை மட்டும் தெரியக் கூடாது. இந்த மாப்பிள்ளையிடமும் அதையேதான் சொன்னேன். "ஆடி முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றேன். கல்யாணமே வைகாசியில் என்றார். அப்படியானால் மண்டபத்திலேயே நன்றாக எடுத்துத் தருகிறேன், எதற்கு வெயிலில் வேகணும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார்.

"ஏனுங்ணா, மண்டபத்துல எங்கக்கா மேடைப் பக்கமே வரமாட்டாங்க. சொந்தக்காரங்க யாருமில்லாத எடமாப் போயி, அக்காவப் பக்கத்துல நிக்க வெச்சு ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூடப் பிறந்தவள் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற சீர். அக்கா தங்கைக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இந்த அக்கா கணவரை இழந்தவர். அதனால் சித்தப்பா மகள் உட்காருவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். தம்பி சண்டை போட்டுப் பார்த்திருக்கிறார். பெரியவர்கள் அசையவில்லை. அவர்களை விடுங்கள், அக்காவே ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அம்மா இல்லாத வீட்டில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்தத் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தது அவர்தான். வீட்டுக்காரர் போன பிறகு எந்த விசேஷத்திலும் யார் கேமராவைத் தூக்கினாலும் அடுப்படிக்குப் போய்விடுவாராம். இதையெல்லாம் கேட்ட பிறகு எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

விடியக் காலையில் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். அன்று திங்கட்கிழமை. பெண்ணுக்கு மேக்கப் முடியவே ஏழரை ஆகிவிட்டது. அப்புறம் பெண் வீட்டிலிருந்து போன். ராகுகாலத்தில் ஜோடியாக முதல் போட்டோ எடுக்கக் கூடாது, ஒன்பது தாண்டட்டும் என்றார்கள். கல்யாணம் சம்பந்தப்பட்ட வேலையில் எங்கள் ஊரில் இதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. நானும் என் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். பெண், மாப்பிள்ளை, பெண்ணுக்குத் துணை என்று சொல்லிக் கூட்டி வந்திருந்த அக்கா, நான் என்று நாலு பேரும் காரில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை ஒன்று பெய்துவிட்டுப் போயிருந்தது. மழை பெய்தால் குளிர்ந்துவிடும் என்று நினைப்போம். மறுநாள் வெயிலில் அந்த ஈரமெல்லாம் கிளம்பி, இட்லிப் பாத்திரத்துக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு இலை ஆடவில்லை. தூரத்தில் காற்றாடிகள்கூடச் சும்மா நின்றுகொண்டிருந்தன. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றது.

ஒன்பது தாண்டியதும் கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவ்வளவு நேரம் ஏ.சி.யில் இருந்த கேமரா அந்தப் புழுக்கத்துக்கு வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி பிடித்துக்கொண்டது. துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். தானாகச் சூடேறித் தெளிகிற வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. சரி, அது தெளிவதற்குள் வெளிச்சமாவது பார்த்து வைக்கலாம் என்று நினைத்தேன். பெண்ணை வெயிலில் நிறுத்தினால் மேக்கப் கரைந்துவிடும். அக்காதான் காரிலிருந்து குடையும் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, அந்த மரத்துக்கு முன்னால கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.

"இதென்ன போட்டோவுங்களா தம்பி?"

"இல்லீங்க்கா, வெளிச்சம் பாக்கறது. அழிச்சுருவேன்."

அழித்துவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் நின்றார். முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டார். நாலைந்து தட்டினேன். எல்லாம் புகை மூட்டமாக விழுந்தது. வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

என்னோடு வழக்கமாக வருகிறவர் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். முகத்தில் வெளிச்சம் விழுவதற்காகப் பிடிக்கிற வெள்ளித் தகடு மாதிரியான ரிஃப்ளெக்டரைப் பிடிக்க ஆளில்லை. நான் கேட்கவே இல்லை, அக்காவாகவே வந்து வாங்கிக்கொண்டார். படம் எடுக்கும்போது ரிஃப்ளெக்டர், எடுத்து முடித்ததும் பெண்ணுக்குக் குடை. நடுநடுவே பெண்ணின் கழுத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பார். "வேர்க்குதா கண்ணு? இன்னுங் கொஞ்ச நேரந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணும் நல்ல பெண். "அண்ணி, நீங்களும் கொடைக்குள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தது. அக்கா சிரித்தாரே தவிர வரவில்லை.

தம்பி அரை மணிக்கு ஒருதரம் கூப்பிட்டார். "அக்கா, வந்து நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

"நீங்க ஜோடியா எடுத்து முடிங்க சாமி. நல்ல காரியத்துல நா எதுக்கு முந்தி? கடைசியா நிக்கறேன், போ."

நிற்கவே மாட்டேன் என்று சொல்லாமல் கடைசியாக நிற்கிறேன் என்றாரே, அதிலேயே தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சீக்கிரம் முடிங்க என்று அர்த்தம். நானும் வேகவேகமாக எடுத்தேன்.

நடுவில் தோட்டக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அக்கா தன் பங்கைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "வெளிய வந்தா நா தண்ணி குடிக்கறதில்லீங்க தம்பி" என்றார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் மனைவிதான் சொன்னாள், ஒதுங்க இடமில்லாத ஊரில் எந்தப் பொம்பளை தண்ணி குடிப்பா என்று. இத்தனை வருடம் வெளியில் படம் எடுக்கிறேன், எனக்கு அது தெரியவில்லை.

பன்னிரண்டு மணி நெருங்கியிருக்கும். ஜோடிப் படங்கள் முடிந்துவிட்டன. "அக்கா, இப்ப உங்க முறை" என்று தம்பி கையை நீட்டினார். அக்கா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கோபமாகச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்கு மணியடிச்சாச்சு. இன்னும் டவுசர் போடாம நின்னுட்டிருக்கற?"

நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பட்டு வேட்டியில் ஜம்மென்று நிற்கிற மாப்பிள்ளையை அக்கா கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டோம். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சோறு போட்டு வெச்சிருக்கேன், தின்னுபோட்டு ஓடு" என்று சொல்லிக்கொண்டே அப்படியே மண்ணில் சாய்ந்தார்.

ஓடிப் போய்த் தூக்கினோம். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. நாங்கள் மூன்று பேரும் வியர்வையில் நனைந்து கிடந்தோம். அவர் கையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. காரில் போட்டு ஏ.சி.யை வைத்து, பெண் தன் பட்டு முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவர் தலையிலும் கழுத்திலும் பிழிந்துகொண்டே வந்தது. தாராபுரம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வெயில் தாக்கி மூளை வரைக்கும் போய்விட்டது என்று உடனே கோயமுத்தூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். தம்பி வழி முழுக்க, "அக்கா, டவுசர் போட்டுட்டனுங்க்கா, பள்ளிக்கூடம் போறனுங்க்கா, கண்ணு முழிச்சுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அந்த அக்கா அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி ஸ்டுடியோவுக்கு வந்தார். தாடியும் கலைந்த தலையுமாக அடையாளமே தெரியவில்லை. காரியத்துக்கு மாலை போடப் படம் வேண்டும். அக்காவின் கல்யாணப் படத்தில் பக்கத்தில் வீட்டுக்காரர் இருக்கிறார், அதுவும் பழசாகி வெளுத்துவிட்டது. மற்றபடி ஆதார் அட்டையில் இருப்பதுதான். ஆதார் அட்டையில் யாருக்குத்தான் சொந்த முகம் இருந்திருக்கிறது? "அன்னைக்கு எடுத்ததுல எங்கியாச்சும் அக்கா விழுந்திருப்பாங்களாங்ணா?" என்று கேட்டார்.

அன்று எடுத்த எதையும் நான் அதுவரை திறந்து பார்க்கவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து முழுவதையும் பார்த்தோம். ஜோடி சிரிக்கிறது, ஓரத்தில் ரிஃப்ளெக்டரின் விளிம்பு. ஜோடி நடக்கிறது, கீழே குடையின் நிழல். எந்தப் படத்திலும் முகம் விழாத மாதிரி ஒதுங்கி நின்றிருக்கிறார். முகம் இருந்தது, அழித்துவிடுவேன் என்று சொல்லி அழிக்க மறந்த அந்த நாலைந்தில் மட்டும்தான். அவ்வளவும் ஆவி படிந்து மங்கிக் கிடந்தன.

அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கம்ப்யூட்டரில் கொடுத்தேன். இப்போதுதான் மங்கின முகத்தைத் தெளிவாக்க என்னென்னவோ வந்திருக்கிறதே. பளிச்சென்று ஒரு முகம் வந்தது. கண்ணிமை மயிர்கூட எண்ணலாம். தம்பி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யாருங்ணா?"

யாரோ ஒரு அழகான பெண். அந்த அக்கா இல்லை. அதை மூடிவிட்டு மங்கலான படத்தையே மறுபடி திறந்தேன். அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"சிரிக்கறாங்களாட்ட இருக்குது?"

"ஆமா, சிரிக்கறாங்க."

"போட்டோன்னாலே மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. எதப் பாத்துங்ணா சிரிக்கறாங்க?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அக்காவின் பார்வை கேமராவில் இல்லை, எனக்குப் பின்னால் இருந்தது. அந்த நேரத்தில் என் பின்னால் இருந்தது கார் மட்டும்தான். கார்க் கதவைத் திறந்து பட்டு வேட்டி சட்டையோடு இவர் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"உங்களத்தான்" என்றேன்.

அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் கடைக் கதவைச் சாத்தினேன்.

அந்த மங்கலான படத்தைத்தான் பிரேம் போட்டுக் கொடுத்தேன். காரியத்துக்கு வந்தவர்கள் வேறு நல்ல படம் கிடைக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இதைவிட நல்ல படம் இல்லை என்று தம்பி சொல்லிவிட்டாராம். ஆவணியில் ஒரு கோயிலில் வைத்துச் சுருக்கமாகக் கல்யாணத்தை முடித்தார்கள். இணைச்சீருக்குச் சித்தப்பா மகளைத் தம்பி கூப்பிடவில்லை. பக்கத்து இடத்தை யாரும் உட்கார விடாமல் காலியாகவே வைத்திருந்தார். பெரியவர்களும் அன்று வாய் திறக்கவில்லை. அவரும் அந்தக் காலி இடமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன்.

இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "நான் எதுக்கு, கடைசியில் நின்னுக்கறேன்" என்று ஒதுங்குகிறவர் யார் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது. அவரை அழைத்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ராகுகாலமோ எமகண்டமோ, முதல் படத்தை அவரை வைத்து எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு சரியாக வருகிறது.