பிரஷரும் அன்னாசித் தண்ணீரும்

பெக்கான் நானாஸ் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்களில் செல்வராணியின் வேன்தான் முதலில் கிளம்பும். அவள் இருக்கும் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளில் அம்மாவும் அப்பாவும் இருட்டோடு மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் வேனில் ஏறும். ஒருத்திக்குப் பின்னல் போட்டுவிட்டு, இன்னொருவனுக்குச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டு, பசியாறாமல் வந்ததற்கு ஆளுக்கொரு ரொட்டி கொடுத்த பிறகுதான் அவள் கியரில் கை வைப்பாள்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. அதனாலேயே அவளுக்கு ஓர் உபரி உத்தியோகமும் வந்து சேர்ந்தது. வேன் பிள்ளைகளின் தாய்மார்கள் வாட்சாப்பில் வைத்திருந்த குழுவில், யாருக்கு என்ன வந்தாலும் மருந்து சொல்வது செல்வராணிதான். இருமலுக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் பேர்போனது பிரஷருக்கு அவள் சொன்ன அன்னாசித் தண்ணீர். ஊரே அன்னாசி விளைகிற ஊர், பழத்துக்குப் பஞ்சமா? பழுத்த அன்னாசியை நறுக்கிக் கசக்கி, அதில் அசாம் போய் என்கிற காய்ந்த புளிப்புப் பிளம்ஸை ஒரு கை அள்ளிப் போட்டு, விடிய விடிய ஊறவைத்து, பிளாஸ்கில் ஊற்றி நாள் முழுக்கக் குடிக்க வேண்டும்.

"புளிப்பு ரத்தத்த வெட்டும்" என்பாள். எப்படி வெட்டும் என்று யாரும் கேட்டதில்லை. அவள் சொன்ன தோரணைக்குப் பிறகு கேட்கவும் தோன்றாது.

வேன் லைசென்ஸைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. அதற்கு உடம்பைச் சோதித்து டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். பொந்தியானில் வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குத்தான் போனாள். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றினார். பார்த்தார். மறுகையில் சுற்றினார். தலைச்சுற்றல் உண்டா, நெஞ்சுவலி உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

"இந்தப் பிரஷருக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, புவான்" என்றார் மலாயில், மரியாதையாக அழைத்து. "அரசாங்க கிளினிக்ல மருந்து எடுத்து, ஒழுங்கா சாப்பிட்டு, அடுத்த மாசக் கடைசியில வாங்க. பிள்ளைங்கள ஏத்துற வேன் இல்லையா?"

இருக்கிற லைசென்ஸ் அதுவரைக்கும்தான் செல்லும் என்று கணக்குப் போட்டபடி அவள் வெளியே வந்தாள். வேனை ஓட்டாமல் வீட்டில் உட்காருவதை நினைத்துப் பார்த்தாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

மருந்து விஷயத்தில் அவளிடம் ஒரு குட்டு உண்டு. போன வருஷமே அரசாங்க கிளினிக்கில் பிரஷருக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஓர் அட்டை தீர்ந்தது, தலைபாரம் போனது, சரியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டு, தன் அன்னாசித் தண்ணீரையே குடித்துவந்தாள். ஆஸ்பத்திரி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே.

வீட்டுக்காரர் காளிதாஸ், அன்னாசியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் டென்ஷன். இனிமே இந்த வீட்டுல உனக்கு டென்ஷனே கிடையாது" என்றார். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. டிவியை ஊமையாக்கிப் பார்த்தார். சமையலையும் தாமே எடுத்துக்கொண்டு, உப்பில்லாத சாம்பார் வைத்து, தாமும் அதையே முகம் கோணாமல் சாப்பிட்டார். நான்காம் நாள் செல்வராணி கரண்டியை எடுத்து மேசையில் தட்டினாள்.

"என்னங்க, ஏதாச்சும் பேசுங்க. செத்த வீடு மாதிரி இருக்கு. இதுல எனக்கு இன்னும் ரெண்டு பங்கு ஏறுது."

"பேசுனாத்தான் சண்டை வருமே."

"சண்டை வந்தா பரவால்ல. சத்தம் வரட்டும்."

பக்கத்து வீட்டு லூசி இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த சேலையோடு ஒரு டானிக் பாட்டிலையும், காந்தம் வைத்த கைவளையம் ஒன்றையும், பிரஷர் பார்க்கும் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்தாள். உடம்புக்கு நல்லது என்று அவள் நம்பி விற்கிற சரக்குகள்.

"ராணிக்கா, மாத்திரையெல்லாம் வேணாம். எங்க பெர்னார்ட் அங்கிள் தெரியுமில்ல, பொந்தியான்ல இருக்காரே? பிரஷர் எகிறிக்கிட்டு இருந்துச்சு. இந்தப் பாட்டில் ரெண்டு குடிச்சாரு. இப்ப குட்டிப்பையன் மாதிரி சைக்கிள் ஓட்டுறாரு லா."

செல்வராணி பாட்டிலையும் குடித்தாள், வளையத்தையும் போட்டாள், அன்னாசித் தண்ணீரை இரண்டு பங்காக்கினாள். நினைத்த நேரமெல்லாம் மெஷினில் கையை விட்டாள். மாடிப்படி ஏறிவந்த மூச்சோடு ஒரு தடவை, கோப்பி குடித்துக்கொண்டே ஒரு தடவை, போனில் அக்காவோடு வாக்குவாதம் செய்துகொண்டே ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வந்தது. எண் குறைந்தால் "பாத்தீங்களா, கேக்குது" என்பாள். கூடினால் பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போடுவாள்.

காளிதாஸ் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உனக்குப் பிடிச்ச நம்பர் வந்தா மெஷின் நல்ல மெஷின். பிடிக்காட்டி பேட்டரி வீக்கு. அந்த டாக்டர் மெஷினுக்கும் பேட்டரி வீக்குன்னு சொல்லிப் பாரேன், கையெழுத்துப் போடுறாரான்னு."

அது அவளுக்குச் சுருக்கென்றது. டாக்டர் சொன்ன மாசமும் பாதி ஓடிவிட்டது. இனி லூசியின் வார்த்தையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, குணமடைந்த ஆளையே நேரில் பார்த்துக் கேட்டுவிடுவோம் என்று, சனிக்கிழமை காலை காளிதாஸை ஏற்றிக்கொண்டு வேனைப் பொந்தியானுக்கு விட்டாள்.

பெர்னார்ட் அங்கிள் நிஜமாகவே சைக்கிளில்தான் வந்தார். கடல் பக்கத்துக் கோப்பிக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"அங்கிள், அந்தப் பாட்டில எப்பக் குடிச்சீங்க? சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

"காலையில மாத்திரை போட்டுட்டு, அப்புறமா."

செல்வராணியின் கோப்பை பாதி வழியில் நின்றது. "என்ன மாத்திரை?"

"பிரஷர் மாத்திரைதாம்மா. ஆஸ்பத்திரியில குடுக்கறது. தெனம் போடுறேன். அத நிறுத்தினா என் மக என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

"பாட்டில் குடிச்சுத்தான் இறங்குச்சுன்னு லூசி சொன்னாளே?"

"பாட்டில் குடிச்சீங்களான்னு கேட்டா, குடிச்சேன்னேன். பிரஷர் இறங்குச்சான்னு கேட்டா, இறங்குச்சுன்னேன். மாத்திரையப் பத்தி அவ கேக்கவே இல்லையே" என்றார் பெர்னார்ட், வெகு நேர்மையாக.

காளிதாஸ் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. சிரித்தால் அவளுக்கு டென்ஷன் ஏறும் என்று அடக்கினாராம். செல்வராணிக்குத்தான் முதலில் பீறிட்டது. கடைக்காரச் சீனர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்: "அப்ப உங்க கிட்னி?"

"பிரஷர அப்படியே விட்டாத்தான் கிட்னி போகும்னு டாக்டர் சொன்னாரு. ரத்தம் எடுத்துப் பாத்துக்கிட்டேதான் இருக்காங்க, நல்லாத்தான் இருக்கு. என் பேச்ச நம்பாத, நீயே போய்க் கேளு."

திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு, காளிதாஸையும் ஏற்றிக்கொண்டு நேரே அரசாங்க கிளினிக்குக்குப் போனாள். எதைக் கேட்டாலும் காட்டிவிடுவது என்று, குடிப்பது போட்டுக்கொள்வது எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்து எடுத்துப் போனாள். அங்கே நர்ஸ் மிசி நிக்கோல், லூசியின் சர்ச்சுக்குப் போகிற பெண், அவளை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னாள். காலைக் கீழே ஊன்றி, கையை மேசைமேல் வைத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டுமாம்.

"பெரிய ஆப்பரேஷன்கூட பண்ணிடலாம் மிசி. இவள அஞ்சு நிமிஷம் பேசாம வைக்கிறது கஷ்டம்" என்றார் காளிதாஸ்.

"அங்கிள், நீங்களும் பேசக்கூடாது."

அமைதியாகப் பார்த்தும் பிரஷர் அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டு மெஷின் காட்டிய தாறுமாறு இல்லை. டாக்டர் ரத்தச் சோதனைக்கு எழுதினார், கிட்னி நன்றாகவே இருந்தது என்று போன வருஷச் சோதனையைக் காட்டினார், அதே மாத்திரையைத் திரும்பவும் தொடங்கச் சொன்னார். தானாக நிறுத்தக்கூடாது, ஒத்துக்கொள்ளாவிட்டால் வந்து சொன்னால் வேறு மாற்றித் தரலாம் என்றார். பிறகு நிக்கோல் பையைப் பிரித்தாள்.

பாட்டிலை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஆன்ட்டி, இதுல எங்கயாவது பிரஷர்னு போட்டிருக்கா பாருங்க."

செல்வராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தாள். உற்சாகம், பொலிவு, சுறுசுறுப்பு எல்லாம் இருந்தன. பிரஷரைக் காணோம். லூசி வாயில் இருந்தது பாட்டிலில் இல்லை.

அடுத்து பிளாஸ்க். நிக்கோல் மூடியைத் திறந்து முகர்ந்தாள். அடியில் கிடந்த பிளம்ஸைப் பார்த்து, பையிலிருந்த அசாம் போய் பாக்கெட்டில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"நக்கிப் பாருங்க ஆன்ட்டி. என்ன ருசி?"

"புளிப்பு."

"அப்புறம்?"

செல்வராணி இன்னொரு தடவை நாக்கில் வைத்தாள். வருஷக்கணக்காகத் தின்கிற பண்டம். சப்புக்கொட்டினாள். முகம் மெல்ல மாறியது.

"உப்பு" என்றாள்.

"உப்புல ஊறப்போட்டுக் காயவைக்கிறதுதான் ஆன்ட்டி இது. ஒரு கை அள்ளிப் போட்டா அந்த உப்பெல்லாம் தண்ணியில எறங்கிடும்."

காளிதாஸ் எழுந்தே நின்றுவிட்டார். "நான் கண்ணுல தண்ணி வர உப்பில்லாத சாம்பார் குடிக்கிறேன். இவ கடலையே பிளாஸ்க்ல ஊத்திக் குடிச்சிருக்கா. அலமாக், ஐயோ!"

வரிசையில் காத்திருந்தவர்கள் கதவு வழியே எட்டிப் பார்த்தார்கள். வெட்கத்தில் செல்வராணிக்குக் காது சூடானது. ஆனால் அன்றைக்கு அதிகம் சிரித்ததும் அவள்தான்.

அன்று சாயங்காலம் தாய்மார்கள் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டாள். இதுவரை அவள் போட்டதிலேயே குட்டையான செய்தி. "நான் சொன்ன அந்த அன்னாசித் தண்ணிய பிரஷருக்கு யாரும் குடிக்காதீங்க. அதுல பூரா உப்பு. மாத்திரை குடுத்திருந்தா மாத்திரை போடுங்க. பழத்த சும்மா தின்னுங்க."

முதலில் பிரவீனா என்கிற தாய் எழுதினாள்: "அக்கா, நாங்க அத எப்பவோ நிறுத்திட்டோம். வாயில வைக்க முடியல. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல." அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். செல்வராணிக்கு உப்பைவிட அதுதான் அதிகமாக உறைத்தது.

விஷயம் காதில் விழுந்த லூசி இரண்டு நாள் வேலிப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் செல்வராணியே ஒரு தட்டில் அப்பம் வைத்து நீட்டினாள். "உன் மேல எனக்கென்னடி கோவம்? நீ பாட்டில வித்த, நான் பிளாஸ்க வித்தேன். ரெண்டு பேருமே கேக்க வேண்டியத கேக்கல." லூசி அப்பத்தை வாங்கிக்கொண்டு, தனக்கும் பிரஷர் பார்த்து வெகுநாளாயிற்று என்று மெதுவாகச் சொன்னாள். மெஷின் வியாபாரம் செய்கிறவள் தன் கையை அதில் விட்டதே இல்லையாம்.

மாத்திரை காலையில் பல் விளக்கியதும். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, காளிதாஸோடு அன்னாசித் தோட்டத்துக் கரிமண் பாதையில் நடை. வாயை மூடிக்கொண்டு நடப்பதில்லை. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டேதான் நடந்தார்கள். உடம்பு இலேசானது மாத்திரையாலா, நடையாலா, அசாம் போயை விட்டதாலா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்தால் எப்படித் தெரியும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மாசக் கடைசியில் பொந்தியான் டாக்டர் பட்டையைச் சுற்றியபோது அவள் மெஷினையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். முதல் தடவை கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுந்துபோய் வேறு ஒருவரைக் கவனித்துவிட்டு வந்தார். அவ்வளவு நேரமும் செல்வராணி காலை ஊன்றி, கையை மேசையில் வைத்து, சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"மாத்திரைய விட்டுடாதீங்க, புவான்."

"விடமாட்டேன் டாக்டர்."

வெளியே வேனில் சாய்ந்து நின்ற காளிதாஸ் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வேண்டுமென்றே அதைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன சொன்னாரு ராணி?"

அவள் கதவைத் திறந்து, இருக்கையில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருப்பினாள்.

"ராணி, கேக்குறேன்ல?"

"ஏறி உட்காருங்க. ஸ்கூல் விட்டுடப் போகுது. என் பிள்ளைங்க வெயில்ல நிக்கும்."