பென் டிரைவ் முனையில் வைத்த சந்தனம்

எவர்சில்வர் தாம்பாளத்தில் வரிசையாகப் பன்னிரண்டு பென் டிரைவ்கள். ஒவ்வொன்றின் உலோக முனையிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். பெரம்பலூரில் நான் வேலை பார்த்த கணினிப் பயிற்சி மையத்தின் ஆயுத பூசை அது. பொட்டு வைத்தவர் எங்கள் பிரின்ஸ்பால் சார். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றவன் நான். கத்தரிக்கோல் என்றால் நுனியில், அரிவாள் என்றால் அதன் வாயில். "வேலை செய்யுற எடத்துலதான் பொட்டு வைக்கணும்" என்பார். பென் டிரைவுக்கு வேலை செய்கிற இடம் எது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. தானே முடிவு செய்துகொண்டார். கேட்கிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

இப்போது அவர் ஓய்வு பெறுகிறாராம், அதற்கு ஒரு விழா மலர் போடுகிறார்கள். அவரோடு பழகிய நினைவுகளை இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னையும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் போடமாட்டார்கள் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பென் டிரைவ்களை உருவாக்கியது, மையத்தின் கணினி லேபைக் கவனித்துக்கொண்ட லேப் அக்கா. வேப்பந்தட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மையத்தில் இருந்ததெல்லாம் எங்கேயோ கழித்துக் கட்டிய பழைய கணினிகள். ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டே வந்தது. புதிது வாங்கித் தர சாருக்கு மனம் வரவில்லை. அக்காதான் கணினிக்கொரு பென் டிரைவில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, கணினியைப் போட்டதும் அதிலிருந்தே எழுந்துகொள்ளும்படி செய்தார். செத்துக் கிடந்த பன்னிரண்டும் மறுபடி ஓடின. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சார் அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார். அக்கா கேட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்பார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

பூசையன்று அக்கா தன் வீட்டுப் பூசைக்காக விடுப்பில் இருந்தார். இரண்டு நாள் பொட்டைக் கலைக்கக்கூடாது என்பது சாரின் உத்தரவு. பிறகு காய்ந்ததை மேலாகத் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் முன்பக்க யூஎஸ்பி துளைகளில் செருகியவனும் நானே. மறுநாள் காலை அக்கா வந்து ஒவ்வொரு கணினியாகப் போட்டார். படம் வந்தது, ஒரு நிமிடம் ஓடியது, பிறகு திரை முழுக்கக் கறுப்பு. வெள்ளை எழுத்தில் வரிவரியாக ரீட் எரர். இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை, அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை என்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டில் ஒன்பது இப்படி. இரண்டு நாளில் செய்முறைத் தேர்வு, வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார்.

சார் உள்ளே வந்து பார்த்தார். மாணவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "ஓசியில கெடைக்குதுன்னு கண்டதை ஏத்துனா இப்படித்தாம்மா ஆவும். புள்ளைங்க வாழ்க்கையில வெளையாடுறியா?" யோசனை அவருடையதாக இருந்ததெல்லாம் முந்தைய வாரத்தோடு முடிந்துபோயிற்று.

அக்கா தான் தப்பாக ஏற்றியிருப்போமோ என்று முதலில் தன்னையே சந்தேகப்பட்டார். இறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்று சரிபார்த்தார், சரியாகவே இருந்தது. ஒரு பென் டிரைவை நன்றாகத் துடைத்துத் தன் லேப்டாப்பில் புதிதாக ஏற்றினார். லேப்டாப்பில் அது அருமையாக ஓடியது. கொண்டுவந்து கணினியின் முன்பக்கம் செருகினால் மறுபடி ரீட் எரர். பிறகு மேசைக்கடியில் தவழ்ந்து போய், அதே பென் டிரைவை அதே கணினியின் பின்பக்கத் துளையில் செருகினார். லினக்ஸ் எழுந்து நின்றது. நான் கைதட்டிவிட்டேன்.

"அப்ப பென் டிரைவ்ல ஒண்ணுமில்ல தம்பி. முன்னாடி ஓட்டையிலதான் என்னமோ இருக்கு" என்றார். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, டார்ச் அடித்து, பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சந்தனமா?" என்று கேட்டார். நான் பூசையன்று நடந்ததைச் சொன்னேன். அவரிடம் மட்டும் சொன்னேன்.

அவர் அதை அப்படியே கொண்டுபோய் சாரிடம் சொன்னார். குறை சொல்லும் குரலில்கூட இல்லை, கோளாறு தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னார். சாரின் முகம் மாறியது. "பூசையைக் குத்தம் சொல்லுறியா? உன் வேலை தெரியாத்தனத்துக்கு சாமி மேல பழியா?" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானே பக்கத்துல நின்ன. நீ சொல்லு, நான் அந்த முனையிலயா வெச்சேன்?"

"கவனிக்கல சார்" என்றேன்.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அன்று மத்தியானமே அவரை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது நான் ஏதோ வேலை இருப்பதுபோல ஒரு விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன பத்தாவது நிமிடம் சார் என்னைக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் தொடைச்சுப் பின்னாடி சொருகிடு" என்றார், சர்வ சாதாரணமாக. தேர்வு நடந்தது. தேர்வாளர் பாராட்டினார், சார் சால்வை போர்த்திக்கொண்டார். அந்தச் சால்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஆனால் அவர் மீது கோபப்படுவது எனக்குச் சுலபம். அவருக்குப் பயம், கௌரவம் போய்விடும் என்று. எனக்கு என்ன கேடு வந்தது? அந்த வேலையை நான் ஆறே மாதத்தில் விட்டுவிட்டேன்.

இப்போது ஜெயங்கொண்டத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மலருக்கான அழைப்பு வந்ததும், பழைய மாணவர் ஒருவரிடம் எண் வாங்கி அக்காவைக் கூப்பிட்டேன். குரல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு கணினி வேலைக்கே போகவில்லையாம். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"அந்தப் புள்ளைங்க பரீட்சை எழுதிடுச்சுங்களா தம்பி?"

"எழுதுனாங்கக்கா."

"எப்படி?"

"பின்னாடி சொருகி."

"நான் ஏத்துனதுலதான் ஏதோ தப்போன்னு இத்தினி வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். சந்தனம் பாத்ததும், பின்னாடி சொருகி ஓடுனதும் ஒரே ஒரு மெஷின்லதானே, அது ஏதோ தற்செயலாயிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்" என்றார். பிறகு, "பன்னெண்டும் ஓடுச்சா?" என்று கேட்டார்.

"பன்னெண்டும் ஓடுச்சுக்கா."

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றேன்.

"சரி தம்பி, வெச்சிடறேன்" என்றார். வைத்துவிட்டார்.