சுரங்கத்திலிருந்து வந்த தளபதி

பாகலூரில் எங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு பத்திரிகை வரும். அப்பா சனிக்கிழமைதோறும் காய்கறி மூட்டையோடு ஓசூர் போவார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக் கடையில் அதை வாங்கி, கசங்காமல் துண்டில் சுற்றி எடுத்து வருவார். அதில் சிறுவர்களுக்கென்று ஒரு சரித்திரத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவர்கள் அப்பாவும் நானும்தான். அம்மாவுக்குக் கதை கேட்கப் பொழுது கிடையாது. ஆகவே நான் படிப்பேன், அத்தை கேட்பாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமான வருஷமே மாமாவுக்குக் கோலார் பக்கம் தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. வீடு பார்த்தவுடன் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று அத்தையை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது. நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன், மாமாவுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. கோலாரில் அவ்வளவு வீட்டுப் பஞ்சம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதையில் ஒரு மலைக்கோட்டை. அதன் ராணியை ஒரு மந்திரவாதி உறங்க வைத்துவிட்டான். அவளை எழுப்பக்கூடிய நீலக்கல் பூமிக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதையின் முடிவில் இருந்தது. அதற்கு வழி சொன்னது ஓர் ஓலை. யார் கையில் எடுக்கிறார்களோ அவர்களுக்கேற்றபடி அதிலிருக்கும் எழுத்து மாறிவிடும். இளம் தளபதி ஒருவன் பௌர்ணமிக்குள் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு அந்த ஓலையோடு இறங்கினான். அவன் பாதி தூரம் போனதும் மேல்பாறை சரிந்து வாசல் மூடிக்கொண்டது. தொடரும் என்று போட்டுவிட்டார்கள்.

அத்தைக்கு ராணியைப் பற்றியும் கவலையில்லை, மந்திரவாதியைப் பற்றியும் கவலையில்லை. ராகியில் கல் பொறுக்கிக்கொண்டே அந்த வாரம் முழுக்க என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தளபதி வந்துவிடுவானா? எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை தெரிந்துவிடும் என்று சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் வந்து பஸ் நின்றுவிட்டது. அப்பா ஓசூர் போகவில்லை. மறு சனிக்கிழமை போனார், ஆனால் பத்திரிகை தீர்ந்துவிட்டதென்று வெறுங்கையோடு வந்தார். அத்தை எழுந்துகொண்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது அந்தத் தளபதி நிஜமாகவே செத்துப்போய்விட்டான் என்றே எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பழைய இதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள் என்றேன். விரித்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். தளபதி வாளால் பாறையைக் குடைந்தான். அந்தப் பக்கம் ஒரு வேற்று நாடு, அங்கே கன்னடம் போலவும் தெலுங்கு போலவும் ஒரு பாஷை பேசினார்கள். அவர்கள் அவனுக்குக் குதிரை கொடுத்தார்கள். பௌர்ணமியன்று கோட்டை வாசலில் அவன் வந்து இறங்கினான். தடையில்லாமல் வந்தது எனக்கு. வாய் ஓடும் வேகத்துக்குக் கண்ணையும் ஓட்டினேன், பக்கம் முடிகிற இடத்தில் மறக்காமல் திருப்பினேன்.

அத்தை முறத்தை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் கையை நீட்டிப் பத்திரிகையை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள்.

"இது போன மாசத்துது தானே பாப்பா? இந்த யானைய நான் பாத்திருக்கேன். ஒத்தத் தந்தம்."

எழுத்து தெரியாதவள் படங்களை அவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பாள் என்று நான் எண்ணவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழும் என்று தோன்றியது. ஆனால் அத்தையின் குரல் மாறவில்லை.

"காயிதத்த கையில வெச்சிக்கினே, அதுல இல்லாதத படிக்க முடியுமா?"

முடியும் என்று சொன்னேன். எழுத்து தெரிந்தால் அது சுலபம் என்றும் சொன்னேன். அதை ஒரு சாமர்த்தியமாக அவள் கேட்கிறாள் என்றே எனக்குப் பட்டது.

அவள் எழுந்து உள்ளே போனாள். தன் தகரப் பெட்டியிலிருந்து ஒரு இன்லேண்டு கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மாமாவின் கடிதம். எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். போன தீபாவளிக்கு வந்தது. பொங்கலுக்கு ஒரு முறை, யுகாதிக்கு ஒரு முறை, நடுவில் அத்தை கேட்டபோதெல்லாம் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக் காட்டியிருக்கிறார். வேலை அதிகம், உடம்பு சுகம், சீக்கிரம் வீடு கிடைத்துவிடும். கடைசியில், பாப்பா எந்த வகுப்பில் இருக்கிறாள், நன்றாகப் படிக்கச் சொல்லவும் என்று என்னைப் பற்றியும் இரண்டு வரி உண்டு. அந்த இரண்டு வரிக்காகவே நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆனால் பெரியவர்கள் கடிதத்தைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"உள்ளத மட்டும் படி," என்றாள் அத்தை.

படித்தேன். மாமாவின் கையெழுத்து கோணலாக இருந்ததால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. எனக்கு இங்கே குடும்பம் ஏற்பட்டுவிட்டது. ஒரு ஆண் குழந்தையும் இருக்கிறது. உங்கள் தங்கையை அழைத்துக்கொள்ள வழியில்லை. இனிமேல் எனக்குக் கடிதம் போட வேண்டாம். அவ்வளவுதான். நான்கு வரி.

என் இரண்டு வரியைக் காணோம். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். விலாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கதையில் வந்த ஓலை மாதிரி இதுவும் ஆள் மாறினால் எழுத்து மாறுமோ என்று ஒரு கணம் பயந்துபோனேன். அப்பா கையில் இருக்கும்போது என்னை விசாரித்த மாமா என் கைக்கு வந்ததும் ஏன் விசாரிக்கவில்லை?

"என்னப் பத்தி எழுதினத காணமே அத்தை," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அத்தை என் தலையில் கையை வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று தெரியவில்லை. கை மட்டும் கனமாக இருந்தது. பிறகு கடிதத்தை வாங்கிக்கொண்டு, முறத்தை எடுத்து மிச்சக் கல்லைப் பொறுக்கத் தொடங்கினாள்.

மத்தியானம் அப்பா கொல்லையிலிருந்து வந்தார். காலைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தவர் அத்தையின் கையில் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"அண்ணா, பாப்பா நல்லா படிக்கிறா," என்றாள் அத்தை.

அப்பா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அத்தையே பேசினாள்.

"நீ படிச்சப்ப அவரு எவ்ளோ நல்லவரா இருந்தாருண்ணா."

அப்பா துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா அப்படியே நின்றாள். என் மீது யாருக்கும் கோபமில்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பொய்யாகக் கதை படித்தவள் நான். அதைக் கண்டுபிடித்தும் விட்டார்கள். அப்படியிருக்க என்னை விட்டுவிட்டு அப்பா எதற்கு அழுகிறார்?

அந்த வாரமே அத்தை என் முதல் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். தினமும் மாட்டைக் கட்டிவிட்டு வந்து ஸ்லேட்டோடு என்னிடம் உட்காருவாள். இனிமேல் தனக்கு வேண்டியதைத் தானே படித்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் பொய் படித்ததற்குக் கொடுத்த தண்டனை அது என்று நினைத்து மனம் குன்றிப்போனேன். மறு வருஷம் ஓசூரில் முதியோர் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்தாள். பின்னால் தையல் கற்றுக்கொண்டு அங்கேயே தனியாக ஒரு அறை எடுத்து வேலைக்குப் போனாள். அவளாகவே தேடிக்கொண்ட வீடு அது.

ஆனால் இன்று நினைத்தாலும் என் முன்னால் வந்து நிற்பது அந்த மத்தியானம்தான். அப்பா அழுது ஓய்ந்ததும் அத்தை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். எப்போதும் அம்மாதான் பரிமாறுவாள். அன்று அத்தை போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டாள். சூடான களியை உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து, உறியிலிருந்த வெண்ணெயில் பெரிய உருண்டையாக எடுத்து அதில் போட்டாள். விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற வெண்ணெய். அப்பா வேண்டாம் என்று கையை மறித்தார். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு உருண்டையும் வைத்தாள்.

நான் என் தட்டோடு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாகத் தன்னிடம் பொய்யாகப் படித்துக் காட்டியவருக்கு அவள் எதற்காக அவ்வளவு வெண்ணெய் வைக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.